ஆக்சுவலா, அறுபத்து மூன்று

கழித்துப் போட்ட தாளின் முதுகில் கோடு போடுகிறேன்.
நாலு கோடு நிமிர்ந்து நிற்கும்,
ஐந்தாவது குறுக்கே படுக்கும்.
செவ்வாய்க்கிழமை ஒரு நாளில் மட்டும்
ஆக்சுவலா, அறுபத்து மூன்று.
நாயன்மார் கணக்கு.

காரைக்குடியில் கல்லூரி வாசலுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை வைத்தவளுக்குக் காதுதான் முதலில் தேயும்.
மிஷினுக்கு டிரம் மாற்றலாம்.
"அக்கா, ஆக்சுவலா ரெண்டு பக்கமும் வேணும்."
ரெண்டு பக்கமும் வேணும் என்றால் போதாதா?
"பிடிஎஃப்ப வாட்ஸப்ல தட்டி விட்டேன்க்கா."
மாட்டைத்தான் தட்டி விடுவோம் நாங்கள்.

உமையாள் என்று ஒருத்தி, புதுவயல் பஸ்ஸில் வருகிறவள்,
கூட வருகிற பெண்ணை 'ப்ரோ' என்கிறாள்.
அவளோ இவளை 'டா' என்கிறாள்.
பரீட்சை எளிதென்றால் வேற லெவல்,
கேள்வியே புரியவில்லை என்றாலும் வேற லெவல்,
கேன்டீன் சால்னாவும் அதே.
எத்தனை மாடிதான் கட்டி வைத்திருக்கிறார்கள்?

"ஒங்க சார் இப்பத்தான் இந்தப் பக்கம் போனாக" என்றேன்
ஒருநாள் ஒருவனிடம்.
"எத்தனை சார் க்கா?" என்றான்.
கேலி இல்லை. நிஜமாகவே கேட்டான்.
அன்று முழுக்க டோனர் பொடி கையை விட்டுப் போகவில்லை.

வீட்டில் சொன்னால்
"ஒனக்கு வேற சோலி இல்லையா சிகப்பி" என்று
டிவி சத்தத்தைக் கூட்டுகிறார் என் வீட்டுக்காரர்.
நானும் யோக்கியமில்லை.
கல்யாணமான புதிதில்,
ரசம் எப்படி என்று மாமியார் கேட்கப்போய்
'சூப்பர்' என்று சொல்லிவிட்டேன்.
மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை.
நாலாம் நாள் தயிர் கடைந்துகொண்டே கேட்டார்கள்,
அது நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா என்று.

வியாழன்.
மழை வருகிற இருட்டு. கரண்ட் போய்ப் போய் வந்தது.
ஒரு பையன். பெயர் கேட்டதில்லை.
ஸ்பைரல் போட நிற்கும்போதெல்லாம் அவசரப்படுகிறவன்.
ஆதார் அட்டையை நீட்டினான்.
"நாலு காப்பி க்கா. ஆக்சுவலா அப்பாவோடது."
ஒரு கோடு போட்டேன்.
"ஆக்சுவலா ஜிஹெச்ல கேக்குறாங்க.
பாடி குடுக்குறதுக்கு."
பேனா வைத்த இடத்திலேயே நின்றது.
"காலைல டீ குடிச்சுட்டு... ஆக்சுவலா...
ஆக்சுவலா நல்லாத்தான் க்கா இருந்தாரு."

கண்ணாடிக்கு அடியில் வெளிச்சம்
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு தடவை போனது.
அதன்மேல் குப்புறக் கிடந்தார்
செல்லையா, தகப்பனார் பெயர் சாத்தன்,
என்னைவிட இரண்டு வயது மூத்தவர்.
நடக்க முடியாதவன் ஊன்றுகிற கம்பு
தரையில் எத்தனை தரம் தட்டுகிறது என்றா
எண்ணிக்கொண்டிருக்கிறேன்?

காசு வேண்டாமென்றேன்.
பத்து ரூபாயை வைத்துவிட்டான்.
இந்த நேரத்துக்கு என்ன சொல்வது?
போய்ட்டு வா என்று சொல்லக்கூடாது.
வாய் நிறைய வார்த்தை வைத்திருப்பவள் நான்,
அதில் ஒன்றும் கைக்கு வரவில்லை.
"ஓகேப்பா" என்றேன்.
"ஓகே க்கா" என்றான்.
ஹெல்மெட்டை மாட்டினான், கழற்றினான்,
தாள் நாலையும் சட்டைக்குள் சொருகிக்கொண்டு
மறுபடி மாட்டினான்.

இன்று சனி.
வியாழக்கிழமைத் தாளில்
அந்த ஒரு கோட்டை மட்டும் அடித்துவிட்டேன்.
மற்றபடி கணக்கு நடக்கிறது.
மத்தியானம் வரைக்கும் ஆக்சுவலா நாற்பத்தொன்று.
'பேசிக்கலி' என்று ஒன்று புதிதாக வந்திருக்கிறது,
புதுவயல் பஸ்ஸில்தான் வந்தது.
அதற்குத் தனித் தாள் எடுத்துவிட்டேன்.