முந்தி வரும் சத்தம்

ஜீவரத்தினம் நகர் மொட்டைமாடியில் நின்றால்
துறைமுகத்தில் கன்டெய்னர் இறங்குவது தெரியும்.
பெட்டி தரையைத் தொட்டு,
கிரேன் கையை விடுவித்துக்கொண்டு
அடுத்த பெட்டிக்குத் திரும்பிய பிறகுதான்
தொம்மென்று வந்து சேரும்.
கண் முந்தும், காது பிந்தும்.
பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

இந்த விஆர் ஹெட்செட்டுக்குள் தலைகீழ்.
படம் வைஃபையில் வருகிறது.
கீழே பிரியாணிக் கடையின் கார்டு மெஷின்,
எதிர்வீட்டு சீரியல், மாடிவீட்டுப் பையனின் துப்பாக்கிச் சண்டை,
எல்லோருக்கும் வழிவிட்டு வழிவிட்டு.
சத்தத்துக்கு அந்தக் கவலை இல்லை.
லேப்டாப்பிலிருந்து ஒயர் வழியே நேராக ஸ்பீக்கருக்குப் போய்
இலை போடும் முன்னே பந்தியில் உட்கார்ந்துவிடுகிறது.

கன்னியப்பனைக் கூட்டி வந்தேன்.
இருபத்தாறு வருஷமாக ஐஸ் உடைக்கிறவர்.
அவர் உடைப்பதைத்தான் எடுத்திருந்தோம்,
காசிமேட்டில், விடியற்காலை மூன்றரைக்கு.
மாட்டிக்கொண்டு தன்னைத்தானே பார்த்தார்.
"நான் இவ்ளோ குள்ளமா?"
பிறகு,
"இன்னாம்மா இது, கொட்டாப்புளி மேல இருக்கசொல்லவே
பாரு உடைஞ்சிடுது?"

சத்தத்தை நிற்கவைத்தேன்.
ஒரு நொடியை ஆயிரமாக நறுக்கி
அதில் நூறு துண்டு.
"இன்னும்."
நூற்று நாற்பது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
வலது கை தானாக மேலே போயிருந்தது.
நான் திரையை விட்டுவிட்டு
அவர் தோளைப் பார்த்தேன்.
நூற்று அறுபதில்
கையும் சத்தமும் சேர்ந்து விழுந்தன.
இல்லாத ஐஸ் துண்டுகளை
என் சிமெண்டுத் தரையில்
காலால் ஒதுக்கினார்.

லோடு வருகிறதென்று அவர் போய்விட்டார்.
மிச்சமிருந்த நாற்பத்தொரு டேக்குகளுக்கும்
நானும் கஸ்பாரும்தான்.
கஸ்பார் இங்கே இல்லை.
கேமராவின் தவணையில் யார் பாதி என்று தொடங்கியது,
இப்போது கொளத்தூரில் கல்யாணங்களுக்கு ட்ரோன் விடுகிறான்.
ஆனால் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அவன்தான்.
லென்சுக்கு முன்னால் வந்து நிற்பான்,
எண்ணைச் சொல்வான், ஒரு தட்டு தட்டுவான்.
அந்தத் தட்டில்
படத்தையும் சத்தத்தையும் முடிச்சுப் போட வேண்டும்.
உள்ளங்கைகள் தொடும் ஒரே ஒரு சட்டகம்,
அலைக்கோட்டில் ஒரே ஒரு முள்.
நாற்பத்தொரு முறை.

இந்தக் கேமராவுக்கு முதுகு கிடையாது.
பதினேழில் சும்மா திரும்பிப் பார்த்தேன்.
அங்கே நான், ரெக்கார்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
போனில் எதையோ தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.
கைதட்டி முடித்து அவன் கேட்கிறான்,
"டீ சொல்லட்டா?"
நான் நிமிரவில்லை.
இரண்டு முறை கேட்டிருக்கிறான்.

தலையில் முடிச்சு இறுகினாலும்
இருபதாவது நிமிடத்தில் மறுபடி விலகல்.
கேமராவுக்குள் ஒரு கடிகாரம், ரெக்கார்டருக்குள் ஒன்று.
இரண்டுமே சரியான நேரம் காட்டுவதாகத்தான் நம்பிக்கொண்டிருக்கின்றன.
ஒன்றை மயிரிழை இழுத்தேன்.
ஏலம் போடும் ஜெயசீலியின் குரல்
மறுபடி அவள் வாய்க்குள் போனது.

ஏழு மணிக்குத் தெருவே கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தது.
நூற்று அறுபது, இருநூற்றுப் பத்தானது.
பதினேழை முதலிலிருந்து ஓட்டினேன்.
சரிசெய்து முடிக்கவில்லை,
கரண்ட் போயிற்று.

ரவுட்டர் செத்தது.
கண்ணுக்குள் கன்னியப்பன்
ஓங்கிய கொட்டாப்புளியோடு அப்படியே நின்றார்.
லேப்டாப்புக்கும் ஸ்பீக்கருக்கும் சார்ஜ் இருந்தது.
சத்தம் நிற்கவில்லை.
இறங்காத அந்தக் கட்டைக்குக் கீழே
பார் பாராக ஐஸ் உடைந்துகொண்டே இருந்தது,
ஜெயசீலி சங்கராவை நானூறுக்கு விட்டாள்,
யாரோ தும்மினார்கள்.
கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.
அறையிலும் அதே இருட்டு.

கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கியது.
"டேக் பதினெட்டு" என்றான்.
தட்டினான்.