இருந்தபடியே

மெர்ல் ஷ்ராக்கின் மேய்ச்சல் நிலத்தில் நுழைய
மூன்று நிபந்தனைகள்:
கதவைச் சாத்திவிட்டுப் போ.
காளையை முறைக்காதே.
புரட்டிய கல்லை இருந்தபடியே வை.

மூன்றாவதை அவர் மாடுகளுக்காகச் சொன்னார்,
கால் இடறும் என்று.
நாங்கள் வேறு ஆட்களுக்காகக் காத்துவருகிறோம்.

கான்சாஸில் ஏப்ரல்.
போன மாதம் எரித்த புல்வெளி
கரியின்மேல் பச்சை விட்டிருக்கிறது.
காற்று என் தொப்பியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.
பள்ளிப் பேருந்து ஓட்டாத சனிக்கிழமைகளில் நானும்
தானியக் கிடங்கில் எடைமேடை பார்க்கும் லெட்டா உன்ரூவும்
ஆளுக்கொரு பக்கமாய்ச் சரிவில் ஏறுகிறோம்.
சுண்ணாம்புக்கல்லின் விளிம்பில் கொக்கியை மாட்டி
நம் பக்கமாகத் தூக்கவேண்டும்.
ஓடுவது எதிர்ப்பக்கம் ஓடட்டும்.

பெரும்பாலும் ஒன்றுமில்லை.
அதிலும் வகை உண்டு:
எறும்பு முட்டைகளோடு ஒன்றுமில்லை,
உரித்த சட்டை மட்டும் கிடக்கும் ஒன்றுமில்லை,
இப்போதுதான் யாரோ எழுந்துபோன
ஈரம் காயாத ஒன்றுமில்லை.

நாற்பதாவது கல்லடியில் கழுத்துவளையப் பாம்பு,
செருப்பு வார் அளவு,
வாலைத் திருகி அடிச்சிவப்பைக் காட்டி மிரட்டியது.
படையே நடுங்குமாமே.
மரியாதைக்கு ஓரடி பின்வாங்கினேன்.
அடுத்த கல்லில் ஓர் அரணை
வாலை என்னிடம் விட்டுவிட்டு ஓடியது.
அரணைக்கு மறதி என்பார்கள்.
வாலுக்கு இல்லை. வெகுநேரம் துடித்தது.

பிறகு லெட்டா விரலை மடக்கிக் கூப்பிட்டாள்.
உள்ளங்கை அகலத்துக்கு ரோமக்கால் சிலந்தி,
அதன் வயிற்றருகே
கட்டைவிரல் நுனி அளவில் கூர்மூக்குத் தவளை,
பயமே இல்லாமல்.
சிலந்தியின் முட்டைகளுக்கு வரும் எறும்புகளைத் தின்பது
அது கொடுக்கும் வாடகை.
"என் முதல் கல்யாணத்தைவிட நல்ல ஏற்பாடு" என்றாள்.

எங்களுக்கு வேண்டியது பால்பாம்பு.
மாட்டு மடியில் வாய்வைத்துக் குடிக்கும் என்று
இந்த ஊரிலும் பழி சுமந்த பாம்பு.
புத்தகத்தில் செம்பட்டை, கரும்பட்டை, வெண்பட்டை.
கல்லடியில், ஏழு வசந்தமாக, இல்லை.
நோட்டில் அதற்கு ஒரு பக்கம் விட்டுவைத்திருக்கிறேன்.
விதி நான் போட்டது:
இருவரும் பார்த்தால்தான் கணக்கு.

வேலியோரம் எங்களுக்கு முன்னே யாரோ வந்திருக்கிறார்கள்.
பதினோரு கல் மல்லாந்து கிடந்தன,
அடிமண் வெடித்து,
புழு போன தடமெல்லாம் வெயிலில் வறண்டு.
திட்டிக்கொண்டே ஒவ்வொன்றையும் கவிழ்த்து
அதனதன் குழியில்
பல் ஈறில் பொருந்துவதுபோல் பொருத்திக்கொண்டிருந்தேன்.
ஒன்பதாவது கல்லில்
மேலேயிருந்து லெட்டா என் பெயரைச் சொன்னாள்.
கத்தவில்லை. சொன்னாள்.

ஐம்பத்தெட்டு வயது முட்டியால்
எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு ஓடினேன்.
மண்டியிட்டிருந்தாள். கல் ஒரு கையில்.
அடியில் பாறை விரிசல்.
விரிசலுக்குள் இருட்டு.

"பிடித்திருக்கலாமே."
"பிடித்திருக்கலாம்."
கேமரா என் கழுத்தில்தான் தொங்கியது.

கல்லை மெதுவாக இறக்கினாள்.
விளிம்பில் உதிர்ந்த மண்ணை
உறையை ஒட்டுவதுபோல் விரலால் நீவி மூடினாள்.
"எழுதாதே ஹார்லன்," என்றாள்.
"விதி விதிதான்."

மீதி இரண்டு கல்லையும் சேர்ந்தே கவிழ்த்தோம்.
கதவைச் சாத்தினோம். காளை பார்த்தது, நாங்கள் பார்க்கவில்லை.
பன்னிரண்டு மைல் பேச்சில்லை.
அவள் முழங்கால் இரண்டிலும் மெர்லின் மண்.

ஊரின் ஒரே சிக்னலில் நின்றோம்.
"அந்தச் சிவப்பு
புத்தகத்தில் இருக்கிற சிவப்பு இல்லை."
"பின்னே?"
கண்ணாடி வழியே மேலே பார்த்தாள்.
"இதுவும் இல்லை."

பச்சை விழுந்தது.
பின்னால் வண்டி ஒன்றும் இல்லை.
அவள் இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்,
மூடியிருந்த இரும்புக்கடைப் பலகையில்,
தீயணைப்பு நிலையக் கதவில்,
தன் கை ரேகைகளில்.
நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.