ஏழாம் எண்ணை அழுத்தவும்

ஆற்காடு சாலையை மெட்ரோவுக்காகத்
தோண்டிப் போட்டிருந்த வருஷம்
வடபழனியில் எனக்கொரு
பிரெஞ்சு மலைக்கிராமம் கிடைத்தது.
பதினான்கு பக்கம்.
பக்கத்துக்கு முந்நூறு ரூபாய்.
பெயர் செர்வால்.

பாரிஸிலிருந்து கோடையில் நம்மவர்கள்
பஸ் பிடித்துப் போகிறார்களாம்
இடியப்பப் பார்சலோடு.
காதில் மாட்டிக்கொள்ள
ஒரு குரல் வேண்டுமாம்.

எனக்குத் தொழில் அழுகை.
பதினாறு கதாநாயகிகளுக்கு விம்மியிருக்கிறேன்.
இரண்டு பேய்களுக்குச் சிரித்திருக்கிறேன்.
"இதுல அழக் கூடாது மேடம்,
அறிவிப்பு மாதிரி,
ஆனா கொஞ்சம் குளிரா" என்றார்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இம்தியாஸ்.
மைக்கில் இரைச்சல் விழுமென்று
ஏசியை அணைத்திருந்தார்கள்.
மே மாதம்.
முழங்கை மடிப்பில் வியர்வை இறங்கத்
தொடங்கினேன்:
"நீங்கள் நிற்கும் இந்த இடத்தை
ஆறு மாதம் பனி மூடியிருக்கும்."

ஒன்றாம் எண், துறவிகள் வெட்டிய படி.
மூன்று, உப்புக்கு ராஜா வரி போட்டபோது
பாவாடை மடிப்பில் வைத்துத் தைத்துப்
பெண்கள் கணவாய் கடத்திய கல் உப்பு.
நான்கில் பள்ளிக்கூடம். இப்போது சீஸ் கடை.
ஐந்தில் ரோப்கார் வருகிறது,
மாட்டுத்தொழுவங்கள் விடுதி அறைகளாகின்றன,
ஒரு ராத்திரிக்கு நூற்றிருபது யூரோ.
"பிப்ரவரியில் நாலாயிரம் பேர்.
நவம்பரில் பதினேழு."
பதினேழையும் அறிவிப்பு மாதிரியே சொன்னேன்.
ஆறில் ஓநாய்.
"ஓநாய் நல்லா வந்திருக்கு மேடம்."

ஏழு, கல்லறைத் தோட்டம்.
பனிச்சரிவு. பூசை முடிந்து
கதவு திறந்த நேரம்.
இறந்தவர்களை வரிசையாக வாசிக்க வேண்டும்.
புதுச்சேரியிலிருந்து போனில் மதாம் ஃபிலோமின்:
"ர தொண்டையிலேர்ந்து வரணும்மா."
"கடைசி எழுத்தை விட்டுடு.
எழுதியிருக்கும், சொல்லக் கூடாது."
ஒரு பெயருக்கு நான்கு டேக்.
ழான் என்று தாளில் இருக்கிறது,
அது என் ழ இல்லை.
இருபது வருஷம் ழகரத்துக்குக் கூலி வாங்கிய நாக்கு
ஒரு செத்த மேய்ப்பன் முன்னால்
மடங்கத் தெரியாமல் நின்றது.

கடைசியில் ஒன்று:
"பெயரிடப்படாத குழந்தை.
நான்கு நாள்."

போனில் மதாம் எதையும் திருத்தவில்லை.
முதல் டேக்.

குழந்தைக்கும் நான்குக்கும் நடுவே
நான் விட்ட மூச்சில்
கீழே சந்தில் சைக்கிள் வண்டி ஒலிபெருக்கி:
கல் உப்பு, தூள் உப்பு, கோலமாவேய்.
அதுவும் பதிவு செய்த குரல்தான்.
நூறோ இருநூறோ வாங்கிக்கொண்டு
யாரோ ஒருத்தி
ஒரே தடவை சொல்லிவிட்டுப் போனது.

இம்தியாஸ் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.
மறுபடி மாட்டினார்.
"எடுத்துடலாம்.
எடுத்தா உங்க மூச்சும் சேர்ந்து போயிடும்."
இருக்கட்டும் என்றேன்.

பணம் இரண்டு மாசம் கழித்து வந்தது,
டிடிஎஸ் போக.
செர்வாலை நான் பார்க்கப் போவதில்லை.
விசாவுக்காக வங்கிக் கணக்கில் காட்டும் தொகை
நானூறு தடவை அழுதாலும் சேராது.

ஆனால் ஏதோ ஓர் ஆகஸ்ட் மத்தியானம்
தமிழ் பாதிதான் புரியும் ஒரு பையன்
அப்பா அவசரப்படுத்த
கல்லறைச் சுவரில் சாய்ந்து
ஏழாம் எண்ணை அழுத்துவான்.
என்ன சத்தம் அது என்று
சுற்றிலும் பார்ப்பான்.
மேலே வெறும் பாறை.

அந்தக் கணவாய்க்கு
மறுபடியும் உப்பு ஏறியிருக்கும்,
வரி கட்டாமல்.