உப்பு தின்னாத நாலு கம்பி

இரும்புக்கடைக் காசாளருக்கு
வாத்தியம் பார்த்து வாங்கத் தெரியாது என்று
யார் சொன்னது?

பெட்டியைப் பிரித்ததும்
முதலில் விளிம்பைத்தான் தடவினேன்.
பதினாறு வருடம் பிளைவூட் விற்ற கடையின் விரல்.
மூன்று அடுக்கு. ஒட்டில் பிசிறில்லை.
மெட்டுகளின் நுனி கழுத்தோரம்
கையைக் கீறவில்லை.
முறுக்காணிகளைச் சுற்றினேன்,
விட்ட இடத்தில் நின்றன.
டோர்ச் அடித்து வட்டத் துளைக்குள் எட்டிப் பார்த்தால்
பசை வழிந்த ஒரு துளி.
ஒரேயொரு துளி.
செய்தவருக்கும் ஒரு தும்மல் வந்திருக்கும்.

பன்னிரண்டாயிரத்துத் தொளாயிரம்.
இந்தக் காசுக்கு எங்கள் கடையில்
உருப்படியான தண்ணீர்ப் பம்ப் ஒன்று வராது.

உவர்மலையில் வீடு.
துறைமுகக் காற்றுக்கு
கேற்றுப் பிணைச்சலை வருடாவருடம் படைக்கிறோம்.
இவருடைய கிற்றார்
சுவரில் தொங்கியபடியே கம்பி சிவந்து
ஒரு மாரி நடுச்சாமம்
டங் என்று தானாய் அறுந்தது.
கள்ளன், என்று எழும்பினார்.
பிறகு அதை அவர் கையில் எடுக்கவேயில்லை.

என்னுடையது நைலான்.
உப்புக் காற்று வந்து முகர்ந்து பார்த்துவிட்டு
பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பிக்குப் போய்விடும்.

மேல் கம்பி தடிப்பாயிருக்கும் என்று நினைப்பீர்கள்.
இல்லை, மெல்லிசு. கீச்சென்று கேட்கும்.
பாண் வரிசையில்
சின்னப் பிள்ளையை எல்லாருக்கும் முன்னால் விட்டதுபோல.
அதனால்தான்
சோகமாய் வாசித்தாலும் இது கொஞ்சம் சிரிக்கிறது.

மூன்றாம் மாதம் ஒன்று அறுந்தது.
கொழும்பிலிருந்து வர ஒரு கிழமை என்றார்கள்.
எங்கள் ஆறாம் இறாக்கையில்
தங்கூசிச் சுருள்கள் தூங்கிக்கொண்டிருந்தன.
ஈயக்குண்டு வாங்க வந்த
திருக்கடலூர் மரியநாயகத்திடம் கேட்டேன்,
எது அதிகம் இழுபடாது?
"எத்தனை கிலோ மீனுக்கு?"
மீனுக்கில்லை.
அவர் என்னை ஒருமுறை பார்த்தார்.
ஒரு நுனியைப் பல்லில் கடித்து
மற்றதைக் காதோரம் இழுத்துச் சுண்டினார்.
"பாரைக்குக் கட்டுறதை எடுங்கோ. பொய் சொல்லாது."

இரண்டு முழம். நாற்பது ரூபா.
பில் எழுதி
என் காசை நானே கல்லாவில் போட்டேன்.

பிறகு இன்னொன்று வாங்கினேன்,
கொஞ்சம் பெரிசு, குரல் கொஞ்சம் ஆழம்.
ஒன்று போதாதா என்றார் இவர்.
உங்களிடம் ஸ்குரூட்றைவர் எத்தனை இருக்கு என்றேன்.
விலை என்ன என்றார்.
பார்சல் பெட்டியைக் கடை வாசலில் வைத்த நேரம்
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வந்து
விலைத்துண்டு ஒட்டிய மூலையை
நிதானமாய் மென்று விழுங்கியிருந்தது.
எட்டாயிரம் என்றேன்.
தெருவுக்கு அந்தப் பக்கம் நின்ற மான்
ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு பின்னேரம் டச்சுக் குடாவில்
கடலைப் பார்த்த சிமெந்துக் கட்டில்
மூன்றே கோர்ட் வைத்து ஒரு மணித்தியாலம்.
மோதிரவிரல் மட்டும் எப்போதும் பிந்தி வரும்.
மற்ற இரண்டும் வந்து குந்திவிட்டு
அதற்காகக் காத்திருக்கும்.
ஐஸ்பழம் விற்பவர் என்னைக் கடக்கும்போது
தன் மணியை அடிப்பதில்லை.
மரியாதையா, போட்டியா தெரியாது.

நேற்று வேலை விட்டு வர
சின்னதின் சுருதி மாறியிருந்தது.
காற்றுக்கு இளகியிருக்கும், என்றார் இவர்
பத்திரிகையை விலக்காமலே.
இருக்கலாம்.
ஆனால் இரண்டாம் முறுக்காணி
நான் விட்டதைவிட அரைச் சுற்று கூடி நின்றது.
காற்று
கம்பியை இளக்கும்.
ஆணியைத் திருப்பி இறுக்காது.

ஒன்றும் கேட்கவில்லை.
தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு
கைபேசியில் மூன்றாவதற்கு
விலை பார்க்கத் தொடங்கினேன்.