முப்பத்தொன்று

புந்தா அரேனாஸில் ஜூன் மாதம்
காலை பத்துக்கு விடியும், மாலை ஐந்தரைக்கு முடிந்துவிடும்.
இடைப்பட்ட வெளிச்சம் முழுவதும்
நான் நண்டுத் தொழிற்சாலைக்குள் இருப்பேன்.
ராஜநண்டின் கால்களை மூட்டோடு திருகி
பெட்டிக்குப் பன்னிரண்டு என்று அடுக்குவேன்.
ஆகவே எண்களோடு எனக்குப் பழக்கம் உண்டு,
நட்பு இல்லை.

இரவுப் பள்ளியில் கணக்கு எடுக்கும் தான்காவுக்கு
இருபத்தாறு வயது.
என் கம்பளிக் கோட்டுக்கு அதைவிட ஜாஸ்தி.
பின்னங்கள் நடந்த மாதம் முழுவதும்
கழிப்பறைக்கு என்று சொல்லிப் போய்
வாசலில் நின்று புகைத்தேன்.
அவளுக்குத் தெரியும். கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை பலகையில் வட்டம் போட்டாள்.
"விளிம்பில் புள்ளிகள் வையுங்கள்.
ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கோட்டால் சேருங்கள்.
உள்ளே எத்தனை துண்டு?"

ஒரு புள்ளிக்கு முழு வட்டமே ஒரு துண்டு.
இரண்டுக்கு இரண்டு.
மூன்றுக்கு நான்கு.
நான்குக்கு எட்டு வந்ததும்
யெர்கோ பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.
ஐந்துக்குப் பதினாறு வந்ததும்
நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

நாற்பத்து மூன்று வருடத்தில்
எந்த எண்ணும் எனக்கு முன்கூட்டித் தகவல் சொன்னதில்லை.
வாடகை சொன்னதில்லை.
பிடித்தம் போக வரும் சம்பளம் சொன்னதில்லை.
அம்மாவின் ரத்தத்தில் ஏறிய சர்க்கரை
ஏறி முடித்த பிறகுதான் சொன்னது.
இது சொல்கிறது!
முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு, நூற்று இருபத்தெட்டு என்று
முதுகில் காற்று தள்ள இறக்கத்தில் ஓடுகிறவள் போல
வகுப்பே கேட்கக் கத்தினேன்.

"வரைந்து பாருங்கள், திருமதி ஓயார்சூன்."
அவள் சிரிக்கவில்லை.
நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

மீன்வாளி மூடியை வைத்து வட்டம் போட்டேன்.
ஆறு புள்ளிகள், அளவெடுத்து, சரிசமமாய்.
எண்ணினேன். முப்பது.
துண்டுக்கு ஒரு பொட்டு வைத்து மறுபடி எண்ணினேன்.
முப்பது.
குளிர்கிடங்கில் விரல் மரத்துப்போன யெர்கோ
கோணல்மாணலாய் வைத்த புள்ளிகளில்
முப்பத்தொன்று.
என் படத்தில் மூன்று கோடுகள்
நட்டநடுவில் ஒரே இடத்தில் மோதி
ஒரு குட்டி முக்கோணத்தை மிதித்திருந்தன.
அதை மீட்டுக் கொடுத்தாலும் முப்பத்தொன்றுதான்.
முப்பத்திரண்டு யாருக்கும் வரவில்லை.

எண்ணியது வேறு,
எண்ணி வந்தது வேறு.

வெளியே போனேன். இந்த முறை பொய் சொல்லாமல்.
தெருமுனையில் ஆட்கள் பிடித்து நடக்கக் கட்டிய கயிறு
நீரிணைக் காற்றில் அதிர்ந்துகொண்டிருந்தது.
தீக்குச்சி மூன்றும் அணைந்தன.
ஏமாற்றிவிட்டதே என்று திட்டிக்கொண்டே நின்றபோது
தோன்றியது:
அது சொன்னது ஐந்துதான்.
ஆறாவதைச் சொன்னவள் நான்.

திரும்பி வந்தால் பலகையில் புதிய வரிசை.
ஒன்று, ஐந்து, பத்து, பத்து, ஐந்து, ஒன்று.
"கூட்டுங்கள்" என்றாள். முப்பத்திரண்டு.
பிறகு உள்ளங்கையால்
கடைசி ஒன்றை மூடினாள்.

ஏன் மூட வேண்டும், யார் மூடச் சொன்னது,
அடுத்த வியாழன் பார்ப்போம் என்று
விளக்கை அணைத்துவிட்டாள் பாவி.

வீட்டில், மாவுப்பையைக் கிழித்து விரித்து
ஏழு புள்ளிகள்.
எந்த மூன்று கோடும் ஒன்றாய் மோதாதபடி
ஒவ்வொன்றையும் கொஞ்சம் நகர்த்தி நகர்த்தி
இரவு ஒரு மணிக்கு ஐம்பத்தேழு.
ஒன்று, ஆறு, பதினைந்து, இருபது, பதினைந்து.
கூட்டிப் பார்த்தேன்.
மீதமிருந்த ஆறும் ஒன்றும்
கைக்கு அடியில் இருந்தன. இப்போது என் கை.
மாத்தே ஆறிப்போய்க் கசந்தது. குடித்தேன்.

மறுநாள் மேற்பார்வையாளர் என் பெட்டியைத் திறந்தார்.
"பதினொன்றுதான் இருக்கிறது, ஓயார்சூன்.
இன்னொன்று எங்கே?"

கையுறைக்குள் என் உள்ளங்கையைப்
பார்த்துக்கொண்டு நின்றேன்.