பதினோரு நாள்

நவம்பர் இருபதாம் தேதி
தெற்கு மலை சூரியனை விழுங்கும்.
ஜனவரி இருபத்தொன்று வரை கக்காது.
கிரகணமில்லை, தெய்வக் குற்றமுமில்லை.
மலை அது நின்ற இடத்தில் நிற்கிறது.
நான் அதன் காலடியில் வீடு வாங்கினேன்,
விலை மலிவு என்று.

இங்கிமார் எதிர்க்கரையில்.
ஃபியோர்டுக்கு அந்தப் பக்கம், மஞ்சள் வீடு.
மலைக்கு நான் கிட்டே, அவன் தள்ளி;
அதனால் வெயில் அவனுக்குப் பதினோரு நாள் முந்தி வரும்,
பதினோரு நாள் பிந்திப் போகும்.
விவாகரத்துப் பத்திரத்தில்
படகு பாதி, கடன் பாதி,
தையல் மெஷின் ஹல்பேராவுக்கு, நாய் இங்கிமாருக்கு.
வெயிலைப் பற்றி வக்கீல் ஒரு வரி எழுதவில்லை.

ஜனவரி நாலு.
மீன் எடைபோடும் கொட்டகையில்
ரேடியோ சொன்னது:
இந்த வாரம்தான் பூமி சூரியனுக்கு மிக அருகே.
தராசு முள் உறைந்து நின்றது.
கையுறைக்குள் விரல்கள் பத்தும் இருக்கின்றனவா என்று
அசைத்துப் பார்த்துக்கொண்டேன்.
ஜூலையைவிட
ஐம்பது லட்சம் கிலோமீட்டர் நெருங்கி வந்து
என்ன லாபம்?

நம்ப முடியாமல் அன்றிரவு
ஓர் உருளைக்கிழங்கில் பின்னல் ஊசியைக் குத்தி
சற்றே சாய்த்துப் பிடித்து
மேசை விளக்கைச் சுற்றி நடந்தேன்.
ஊசி முனை எப்போதும் அதே சுவரை,
அதே காலண்டர் ஆணியைப் பார்த்தபடி.
மேசைக்கு இந்தப் பக்கம் வந்தால்
கிழங்கின் தலை விளக்கை நோக்கிக் கவிழ்கிறது.
அந்தப் பக்கம் போனால்
அதே தலை, அதே சாய்வு,
விளக்குக்கு முதுகு காட்டுகிறது.
கிழங்கு திரும்பவேயில்லை.
நடந்தது மட்டும்தான்.
நாலு சுற்று சுற்றி
தலை கிறுகிறுத்து உட்கார்ந்தபோது
எனக்குப் புரிந்தது கோடையும் குளிரும் மட்டுமல்ல.

இழுவைப் படகின் அறையில்
ஆறு வருடம்
ஒரு பலகை அகலப் படுக்கை எங்களுக்கு.
அதைவிட நெருங்கி இரண்டு பேர் படுக்க முடியாது.
விறைத்துப் போனோம்.

ஜனவரி பத்து, மதியம், போன் அடிக்கும்.
“வந்துடுச்சு” என்பான்.
“இங்கே இன்னும் இல்லை” என்பேன்.
வருடா வருடம் இவ்வளவுதான்.
சன்னலில் நின்று பார்ப்பேன்:
நிழலின் விளிம்பு
அவன் கரையை விட்டுத் தண்ணீரில் இறங்கி
நாளுக்குக் கொஞ்சமாக
என் பக்கம் பின்வாங்கும்.
இருபத்தொன்றாம் தேதி, மேகமில்லாவிட்டால்,
கணவாய் வழியே நாலு நிமிடம்
ஒரு மஞ்சள் பட்டை, அடுப்புக்கு மேலே, சுவரில்.
பென்சிலால் கோடு போடுவேன்.
ஊர் முழுக்கப் பான்கேக் வாசனை.

மார்ச்சில் சம இரவு நாள்.
பகலும் இரவும் சரிபாதி என்று பேர்.
பஞ்சாங்கத்தைக் கூட்டிக் கழித்தேன்:
பகல் பதினைந்து நிமிடம் கூடுதல்.
காற்று ஒளியை வளைப்பதால்
எழாத சூரியன் எழுந்ததாகத் தெரியுமாம்.
நிஜமான சமம்
இரண்டு மூன்று நாள் முன்பே,
யாரும் கவனிக்காத ஒரு செவ்வாயிலோ புதனிலோ,
வந்து போயிருக்கிறது.
எங்கள் படகின் பாதியும் அப்படித்தான்.
இன்ஜின் இருக்கும் பாதி அவனுடையது.

ஜூலையில் பூமி மிகத் தொலைவில்.
நள்ளிரவிலும் துணி காய்கிறது.
அவன் தன் கூரைக்குச் சிவப்பு அடிக்கிறான்,
சட்டையில்லாமல், விரற்கடை அளவு மனிதனாக.
கை காட்டினேன்.
பிரஷ்ஷோடு கை காட்டினான்.
சொட்டியிருக்கும்.

இந்த நவம்பரில்
இருபதாம் தேதி, பட்டை சுவரை விட்டதும்
முதல் முறையாக நான் போன் செய்தேன்.
“போயிடுச்சு.”
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
“இங்கே இருக்கு” என்றான்.
“நாய் அதில் படுத்திருக்கு.
தள்ளிப் படுக்கச் சொல்றேன்.”