ஆயிரத்து அறுபத்து நான்கு

மின்னுவது எதுவும் உள்ளே வரக் கூடாது
என்று கதவில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது.
கைக்கடிகாரம், வளையல், பெல்ட்டின் கொக்கி.
நான் தினமும் கழற்றுவது ஒரு மோதிரம்.
பதினேழாம் எண் அலமாரியில்
பழைய இருமல் மாத்திரை டப்பா,
அதற்குள் அது.

பிறகு கண்ணாடி மாட்டிக்கொண்டு
தங்கத்தின் மேல் ஒளி பாய்ச்சப் போவேன்.

ஷார்ஜா. ஆகஸ்ட். பல்கலைக்கழகத்தின் அடித்தளம்.
மேலே நாற்பத்தேழு டிகிரி; இங்கே இருபத்தொன்று.
பெர்லிட்டா சால்வையைப் போர்த்தியபடி
குப்பியை வெளிச்சத்துக்கு உயர்த்துகிறாள்:
பால் விடாத தேநீரை
இரண்டு முறை நீர்விட்டு நீட்டிய நிறம்.
அதிலுள்ள தங்கம் முழுவதையும் விற்றாலும்
ஒரு கரக் சாய் வாங்க முடியாது.
ஆனால் எண்ணி முடியாத குச்சிகள்.
எறும்பின் காலில் ஒட்டினால்
எறும்புக்கே தெரியாத குச்சிகள்.

தங்கம் உருகுவது
ஆயிரத்து அறுபத்து நான்கு டிகிரியில்.
எங்கள் லேசரின் அலைநீளம்
ஆயிரத்து அறுபத்து நான்கு நானோமீட்டர்.
உறவில்லை, தற்செயல், என்கிறார் இத்ரீஸ்:
வேறு வேறு தெருவில்
ஒரே எண் போட்ட இரண்டு வீடுகள்,
தபால்காரன்தான் குழம்புவான்.
நான் தபால்காரன் பக்கம்.

அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.
ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சத்தம் மட்டும்,
பல்லி உச்சுக்கொட்டுவது போல.
நல்லதா கெட்டதா என்று திசை பார்க்கலாமென்றால்
இந்த அறையில் கிழக்கு எதுவென்று
யாருக்கும் தெரியாது.

அதற்குள் உள்ளே எல்லாம் முடிந்திருக்கும்.
முதலில் எலெக்ட்ரான்கள் பதறும்,
பதற்றம் அணுக்களுக்குத் தாவும்,
முனையில் நிற்பவை பிடி தளர்ந்து
இடுப்புக்கு வந்து சேரும்.
முழுக்க உருகக்கூட வேண்டாம்;
அதற்கு முன்பே தோல் நடக்கத் தொடங்கிவிடும்.
நீளம் குறையும், வயிறு வரும்,
கடைசியில் உருண்டை.
குப்பி மாதுளைச் சாறாய்ச் சிவக்கும்.
சுற்றியிருக்கும் தண்ணீர்
தொட்டால் குளிர்ந்துதான் இருக்கும்.

நேற்று வரை அப்படி.
இன்று பல்லி நூறு முறை சொன்னது.
ஐந்நூறு முறை.
நிறம் அசையவில்லை.
இத்ரீஸ் ஆடியைத் துடைத்தார்,
லென்ஸை மாற்றினார், ஆற்றலைக் கொஞ்சம் ஏற்றினார்,
அரபியில் ஏதோ சொன்னார்,
பெர்லிட்டா சிரித்ததால் அது கெட்ட வார்த்தையாக இருக்கும்.

நாலு மணிக்கு ஹெஸ்ஸா நிறமாலை எடுத்து வந்தாள்.
புதிய சரக்கின் குச்சிகள் குட்டை.
எண்ணூறுக்குச் செவி கொடுப்பவை.
எங்கள் ஒளி அவற்றின் நடுவே
பந்தியில் யாருக்கும் தெரியாத விருந்தாளியாய்
ஒருவரையும் தொடாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது.
மேசைக் கோடியில் இருந்த கறுப்புக் கட்டை மட்டும்
கை வைக்க முடியாமல் சுட்டது.

வரைபடத்தின் ஓரத்தில், ஆயிரத்து அறுபத்து நான்கில்,
நகம் பதிந்தது போல் ஒரு பள்ளம்.
எப்படியோ நீளமாய் வளர்ந்துவிட்ட சில
அங்கே போயிருக்கின்றன.
இல்லாதவற்றைத்தான் அளக்கிறோம், என்றாள் ஹெஸ்ஸா,
கோப்புக்குத் தேதி போட்டபடி.

ஆறு மணிக்கு வெளியே வந்து
பேருந்துக்கு நின்றபோது டப்பாவைத் திறந்தேன்.
காற்று ஈரத்துண்டாய் முகத்தில் விழுந்தது.
மோதிரம் கணுவில் நின்றுவிட்டது.
திருகினேன். எச்சில் தொட்டு இன்னொரு முறை.
தாஸ் தீவில் இருபத்தெட்டு நாள் வேலையிலிருக்கும்
லிகோரி அளவெடுக்காமல் வாங்கியது.
அப்போது கழன்று கழன்று விழும்,
உட்புறம் நூல் சுற்றியிருந்தேன்.
இப்போது அந்த நூலை
பல்லால் கடித்து அறுத்து,
சுற்றுச் சுற்றாய் அவிழ்த்துக் கீழே போட்டும்

ஏறவில்லை.

பேருந்து வந்தது. உள்ளே நல்ல குளிர்.
முவைலா வருவதற்குள்
இன்னொரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.